கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்

(லண்டனில் நடந்த மாதாந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றி, நேரலையாக ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு பெரிதாக மாற்றப்படவில்லை.)

இந்த மழைக்குள்ளும் மண்டபத்துக்கு வந்து ஈரக் குடைகளோடு இருக்கிறவர்களுக்கும், வீட்டில் தேநீரோடு நேரலையில் பார்க்கிற கெட்டிக்காரர்களுக்கும் நன்றி.

இந்த உரையின் அறிவித்தல் வெளியானபோது நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐசே, இது இலக்கியக் கூட்டம்தானே? இராணுவப் பயிற்சித் தளத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் இங்கே என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கிற பதில் சின்னது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மனிதரின் காதலும் பிரிவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சிலப்பதிகாரத்தில் பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது அவையே பாலை ஆகின்றன. ஒரு நிலம் எப்படித் தன் இயல்பு கெடுகிறது என்பதைத்தான் இன்று நான் பேசப் போகிறேன். ஆகவே இது இலக்கியக் கூட்டம்தான்.

முதலில் ஒரு பஸ் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வில்ட்ஷயரில் வார்மின்ஸ்டர் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அதன் ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய லண்டன் சிவப்பு பஸ்கள் வரிசையாக நிற்கும். ரூட்மாஸ்டர் என்ற அந்த மாடி பஸ்களை இங்கே நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் தெரியும், பின்பக்கம் கதவில்லாமல் இருக்கும். 2009இலிருந்து ஆர்வலர்கள் சிலர் அந்த நாளில் இவற்றை இம்பர் என்ற கிராமத்துக்கு ஓட்டுகிறார்கள். அங்கே ஆள் யாரும் குடியில்லை. சால்ஸ்பரி சமவெளி இராணுவப் பயிற்சிப் பகுதியின் நடுவில் இருக்கிற கிராமம் அது. மற்ற நாட்களில், குறிப்பிட்ட சில விடுமுறைகள் தவிர, உள்ளே போக முடியாது.

1943 நவம்பர் முதலாம் திகதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மக்களை அழைத்து, 47 நாட்களில் வெளியேறச் சொன்னார்கள். நோர்மண்டித் தரையிறக்கத்துக்காக அமெரிக்கப் படைகள் பயிற்சி எடுக்க இடம் வேண்டும் என்றார்கள். சுமார் 150 பேர் இருந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதியை யுத்த அமைச்சு அதற்கு முன்பே வாங்கியிருந்ததால் அவர்கள் வெறும் குடியிருப்பாளர்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். 1961இல் இரண்டாயிரம் பேர் அளவில் ஊர்வலமாக அங்கே நுழைந்து போராடியும் பார்த்தார்கள். இன்றுவரை யாரும் திரும்பவில்லை.

நான் பஸ் மேல்மாடியின் முன் இருக்கையில் இருந்தேன். இரண்டு பக்கமும் துருப்பிடித்த பழைய டாங்கிகள், வெடிக்காத குண்டுகள் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள் என்ற பலகைகள். கிராமத்தில் தேவாலயம் மட்டும் வேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. மற்றவை கூரையும் கதவும் இல்லாத வீடுகள். அவற்றோடு எழுபதுகளில் நகரச் சண்டைப் பயிற்சிக்கென்று கட்டிய வெற்றுக் கட்டடங்களும் நிற்கின்றன. என் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணி, "எவ்வளவு சோகம், இல்லையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள், "அம்மா, எனக்கு இது பழக்கமான காட்சி" என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அன்று எனக்குப் பழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. அந்த நிலம் அழகாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உழாத புல்வெளி, முழங்கால் உயரக் காட்டுப் பூக்கள், வானம்பாடிகள். இந்தப் பயிற்சிப் பகுதி ஏறக்குறைய 38,000 ஹெக்டேயர். வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சியிருக்கிற மிகப் பெரிய சுண்ணாம்புப் புல்வெளி அதற்குள்தான் இருக்கிறது. வெளியே இரசாயன விவசாயம் புல்வெளிகளை உழுது தின்ற காலத்தில் இங்கே மட்டும் கலப்பை இறங்கவில்லை. 1832 அளவில் பிரித்தானியாவிலிருந்து அற்றுப்போன பெருங்கானமயிலை 2004இல் இந்தச் சமவெளியில்தான் மீண்டும் விட்டார்கள். இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. டாங்கிகள் போன தடங்களில் மழைத்தண்ணீர் தேங்கும். அந்தக் குட்டைகளில் ஒரு விரற்கடை நீளத்தில் கண்ணாடி போன்ற இறால் ஒன்று வாழ்கிறது. குட்டை வற்றினால் அதன் முட்டைகள் சேற்றில் உறங்கும். அடுத்த டாங்கி வந்து அந்தச் சேற்றைச் சங்கிலியில் அள்ளிக்கொண்டு போய் வேறு பள்ளத்தில் விடும். அங்கே மழை பெய்தால் இறால் பிறக்கும். முன்பு ஆடுமாடுகளின் குளம்பும் வண்டிச் சில்லும் செய்த வேலையை இன்று டாங்கி செய்கிறது.

வீட்டுக்கு வந்து இதை மகளிடம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள், சூழலியல் படித்தவள். அவள் கணினியில் செய்மதிப் படத்தைத் திறந்து, வலிகாமம் வடக்கை எடுத்துக் காட்டினாள். பலாலி ஓடுபாதையைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு திட்டு. வெளியே வீடும் தோட்டமும் வெளுத்த தெருக்களும். "அப்பா, நீங்கள் சொன்னதுதான் அங்கேயும் நடந்திருக்கு. முப்பது வருசம் ஆள் போகாத இடம், காடாகிவிட்டது. எல்லாரும் திரும்பப் போய் வீடு கட்டி போர்வெல் அடிச்சா அந்த மண்ணுக்கு நல்லதா?" என்று கேட்டாள்.

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கரும்பச்சைக்குள் இருப்பது என் பிறந்த ஊர். கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அன்று மாலை சால்ஸ்பரியில் அந்தப் புல்வெளியைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வந்தவனும் நான்தானே. இந்த உரை அவளுக்கு நான் சொல்ல முயல்கிற பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலிகாமம் வடக்கைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட விளிம்பு. கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, தையிட்டி, மயிலிட்டி, பலாலி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, தெல்லிப்பழை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓர் ஓடுபாதையைப் போட்டது. அதாவது இம்பர் காலியானதும் பலாலியில் ஓடுபாதை வந்ததும் ஒரே யுத்தத்தில். யுத்தம் முடிந்ததும் அங்கே பயணிகள் விமானம் வந்தது, சென்னைக்கும் போனது. எண்பதுகளில் அது முழு இராணுவத் தளமாயிற்று. 1990 ஜூனில் மறுபடி போர் வெடித்தபோது சுற்றியிருந்த கிராமங்கள் முழுதாக எழும்பின. பிறகு அந்த இடத்துக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் வந்தது.

இந்த ஊர்களில் இலக்கியக்காரருக்கு நெருக்கமானது குரும்பசிட்டி. 1930இல் ஈழகேசரி பத்திரிகையைத் தொடங்கிய நா. பொன்னையா அந்த ஊர். இரசிகமணி கனக செந்திநாதன் அந்த ஊர். அங்கே சன்மார்க்க சபை இருந்தது, அதற்கொரு வாசிகசாலை இருந்தது. தெல்லிப்பழையில் பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரி இருந்தது, அதிலிருந்து ஒரு கவிஞர் கூட்டமே வந்தது. வேல்ஸில் எப்பிந்த் என்ற மலைப்பகுதியை 1940இல் பயிற்சிக்காக எடுத்தார்கள். 54 வீடுகள், இருநூற்றுச் சொச்சம் பேர், எல்லோரும் வெல்ஷ் பேசியவர்கள். அவர்கள் சிதறியதும் வெல்ஷ் மொழி வாழும் எல்லையே அந்தப் பக்கத்தில் சில மைல்கள் பின்வாங்கிவிட்டது என்று வேல்ஸ்காரர் இன்றும் சொல்வார்கள். ஊர் எழும்பும்போது மொழிக்கு என்ன ஆகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதை இங்கே விட்டுவிடுகிறேன், இன்னொரு நாளைக்குப் பேச வேண்டிய விஷயம்.

இன்று பேச வந்தது தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று படித்திருப்போம். வழுக்கியாறு என்று மாரியில் மட்டும் ஓடுகிற ஒன்று உண்டு. அதுவும் இந்தத் தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலிக் கடலுக்குப் போகிறது. மற்றபடி எல்லாம் கிணறு. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அது நுங்கு போலப் பொத்தல் நிறைந்த கல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை அந்தப் பொத்தல்களால் இறங்கித் தேங்குகிறது. தேங்கி எதன் மேல் நிற்கிறது என்பதுதான் முக்கியம். கீழே கடல் நீர். உப்புத் தண்ணீர் பாரமானது, நல்ல தண்ணீர் இலேசானது, ஆகவே மழைநீர் ஒரு வில்லை மாதிரி உப்பின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன என்று சின்ன வயதில் அதிசயமாகக் கேட்டோமே, முழு வலிகாமமும் அப்படி ஒரு நிலாவரைதான். கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். கஞ்சனின் கணக்குப் போன்ற கணக்கு இது. யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன் என்று சொல்வார்களே, அது குணம் இல்லை, நிலத்தடி நீரியல் என்று நான் நினைப்பதுண்டு.

அதன் மேலே செம்மண். அந்த மண் தானாகக் கிடந்த மண்ணில்லை. பல இடங்களில் கல்லுக்கு மேல் ஒரு முழம்கூட இராது. கல்லைக் கிளப்பி, மண்ணைப் பரவி, மாட்டெருவும் பூவரசங்குழையும் ஆடிப்பாடித் தாழ்த்து, தலைமுறை தலைமுறையாகச் செய்த மண். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தறையில் தண்ணீர் கட்ட ஒருவர். ஒரு கிணற்றில் ஐந்தாறு குடும்பத்துக்குப் பங்கு. இன்ன கிழமை இன்னாருக்கு இறைப்பு என்று முறை. எங்கள் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி என்று எழுதிவிட்டு, அதோடு கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். அம்மம்மாவின் உறுதியை நான் இங்கே லண்டனில் வைத்திருக்கிறேன். ஆறு பரப்புக் காணி, நாலில் ஒரு பங்கு கிணறு. எல்லையைச் சொல்லும்போது கிழக்கே இன்னார் காணி, மேற்கே இன்னார் காணி என்று ஆட்களின் பெயரால்தான் சொல்கிறது.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். இம்பரின் புல்வெளி அழகு எங்கேயிருந்து வந்தது? அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சுண்ணாம்புப் புல்வெளி காட்டின் மிச்சமில்லை. மேய்ப்பர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக ஆடு மேய்த்து உண்டாக்கியது. மேய்ச்சல் நின்றால் சில வருடங்களில் முட்பற்றை ஏறிப் பூக்களை மூடிவிடும். ஆகவே இன்று பாதுகாப்பு அமைச்சே ஒப்பந்தம் போட்டு அங்கே மாடு மேய்க்க வைக்கிறது. இராணுவம் அந்தப் புல்வெளியை உழாமல் விட்டது, அது உண்மை, அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் அது காப்பாற்றியது ஆள் இல்லாத இயற்கையை இல்லை. துரத்தப்பட்ட ஆட்களின் கைவேலையைத்தான்.

வலிகாமம் வடக்கில் அப்படி ஒப்பந்தம் போட்டு யாரும் செம்மண்ணைப் பராமரிக்கவில்லை. அந்தக் கரும்பச்சைக்குள் போய்ப் பார்த்தவர்கள் சொல்வது என்ன? நாயுண்ணிப் பற்றை. கூரை விழுந்த வீட்டுக்குள் ஆலும் அரசும். பார்த்தீனியம். இந்தப் பார்த்தீனியத்தின் கதை தெரியுமா? 1987 அளவில் இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அது இலங்கைக்குள் வந்தது என்று கருதுகிறார்கள். படை 1990இல் திரும்பிப் போய்விட்டது. செடி இன்னும் போகவில்லை, யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தோலில் அரிப்போடு அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். செய்மதியிலிருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் கோட் என்ற ஒரு குடாநாடு உண்டு. மணல் நிலம், மழைநீர் கீழே இறங்கித் தேங்கும், மக்களுக்குக் குடிக்க அது ஒன்றுதான். அதன் மேல் ஒரு பெரிய இராணுவப் பயிற்சித் தளம். பல பத்தாண்டுகள் குண்டு போட்டுப் பயிற்சி எடுத்தார்கள். ஆர்டிஎக்ஸ் என்று செய்திகளில் கேள்விப்பட்ட அந்த வெடிமருந்தின் எச்சம் மணலால் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. 1997இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனமே உண்மைக் குண்டுப் பயிற்சியை நிறுத்து என்று தன் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. விமானத் தளங்களில் வேறொரு பிரச்சினை. எரிபொருள் தீயை அணைக்கப் பயன்படுத்திய நுரையில் இருக்கிற இரசாயனம் மண்ணில் அழிவதில்லை. உலகம் முழுவதும் விமானப்படைத் தளங்களைச் சுற்றியுள்ள கிணறுகளில் அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டிலும்தான்.

பலாலியின் கீழே என்ன இறங்கியிருக்கிறது? அதற்குச் சான்றோடு பேசவேண்டும், வாயில் வந்ததைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கல் எதையும் ஒளித்து வைக்காது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் வந்தது. 2014, 2015இல் மக்கள் கிணற்று வாளியில் எண்ணெய்ப் படலத்தோடு தெருவில் நின்றார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மின் நிலையத்துக்கு ஒரு வாசல் உண்டு, அதன் முன்னால் போய் நிற்கலாம், வழக்குப் போடலாம், மாதிரி எடுக்கலாம். முட்கம்பிக்குள் இருக்கிற கிணற்றில் மாதிரி எடுக்க யார் போவது?

நாங்களும் புனிதர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் மிசின் வந்ததும் துலாவின் சிக்கனம் போயிற்று. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டிய யூரியா நைத்திரேற்றாகக் கிணறுகளில் இருக்கிறது, ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய கல்லுக் கிடங்குகளைப் பார்த்துப் பெருமைப்பட்ட தலைமுறை எங்களுடையது. போர்வெல் பற்றி மகள் சொன்னது முழுச் சரி. ஆனால் இவை ஊரில் ஆள் இருக்கும்போது சண்டை பிடித்துத் திருத்தக்கூடிய தவறுகள். சங்கத்தில் பேசலாம், பிரதேச சபையில் கத்தலாம்.

விஸ்தரிப்பு என்ற சொல்லுக்கு வருவோம். ஜெர்மனியிலிருந்து திரும்பிய படைகளை இருத்துவதற்காகச் சால்ஸ்பரியில் கடந்த பத்தாண்டில் பெரிய விஸ்தரிப்பு நடந்தது. ஏறக்குறைய 4,000 படையினர் கூடுதலாக, அவர்களின் குடும்பங்கள், தொள்ளாயிரத்துக்கு மேல் புது வீடுகள். அதற்கு முன்னால் திட்டத்தை அச்சடித்து ஊர்மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கழிவுநீரால் ஏவன் ஆற்றில் பொஸ்பேற்று கூடுமா, கல்லுக்குருவி கூடு கட்டும் இடம் கலையுமா என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். லார்க்ஹில்லில் வீடு கட்ட நிலத்தைத் தோண்டியபோது ஐயாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஒரு மண் வளாகம் அகப்பட்டது, அதைத் தொல்லியலாளர் பதிவு செய்தார்கள். எல்லாம் நீதியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இம்பர்க்காரரைக் கேட்டால் வேறு சொல்வார்கள். ஆனால் ஒரு குருவியின் பெயரால் ஓர் இராணுவத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க வழி இருந்தது.

எங்கள் விஸ்தரிப்பு எப்படி நடந்தது? 2013 ஏப்ரலில், போர் முடிந்து நாலு வருடம் கழித்து, வலிகாமம் வடக்கில் மரங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். 6,381 ஏக்கர் சுவீகரிக்கப்படப் போகிறது, படைத் தலைமையகத்துக்கு. உரிமையாளர்களை அடையாளம் காண முடியாததால் இப்படி ஒட்டுகிறோம் என்றார்கள். உரிமையாளர்கள் எங்கே இருந்தார்கள்? சில மைல் தள்ளி மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில், இருபத்து மூன்று வருடமாகக் கிடுகுக்கும் தகரத்துக்கும் கீழே. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுதிகளோடு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அடையாளம் காண முடியாத இரண்டாயிரம் பேர்! அந்த அறிவித்தலில் ஏக்கர் இருந்தது, பேர்ச்சஸ்கூட இருந்தது. கிணறு இருக்கவில்லை.

இந்தியாவிலும் இதே குணம்தான். 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நாட்டுப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விலக்கு எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் ஜார்க்கண்டில் நேதர்ஹாட் பீரங்கிப் பயிற்சிக் களத்தின் விஸ்தரிப்பை ஆதிவாசி மக்கள் 1990களிலிருந்து எதிர்த்து, 2022இல் அந்த அறிவிக்கையை இனி நீடிப்பதில்லை என்று மாநில அரசைச் சொல்ல வைத்தார்கள். ஏறக்குறைய முப்பது வருடம்.

சூழலின் பெயரால் ஆட்களை வெளியே வைப்பதற்கு டியேகோ கார்சியாவைச் சொல்லாமல் விட முடியாது. 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவு மக்களைப் பிரித்தானியா முழுதாக வெளியேற்றியது, அமெரிக்கத் தளம் வந்தது, பவளப்பாறையை வெட்டி ஓடுபாதைக்குக் கொட்டினார்கள். 2010இல் அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை இதே பிரித்தானியா பெரிய கடற் சரணாலயம் என்று அறிவித்தது. தளம் இருக்கிற தீவுக்கு மட்டும் விலக்கு. மீனுக்குக் காவல், மீனவனுக்குத் தடை, போர்க்கப்பலுக்கு வாசல். 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் ஒன்று அந்த அறிவிப்பு சட்டத்துக்கு மாறானது என்று தீர்த்தது. 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி அதே தீவில் போய் இறங்கியவர்கள் யார்? எங்கள் ஆட்கள். ஈழத்தமிழர். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே அடைபட்டிருந்து, பெரும்பாலானோர் 2024 டிசம்பரில் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு தளத்தின் வேலியைத் தாண்டி வெளியே வந்த சனம் இன்னொரு தளத்தின் வேலிக்குள் போய் விழுந்தது. இதைக் கதையாக எழுதினால் செயற்கை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

வலிகாமம் வடக்கில் 2015இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணி விட்டார்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகம் வந்தது. 2019இல் பலாலியில் மறுபடி பயணிகள் விமானம். 2025 ஏப்ரலில் பலாலி வீதியை 35 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள், பகலில் மட்டும், இடையில் நிற்காமல் போக வேண்டும் என்று. விடுவித்தல் என்று பத்திரிகையில் வருகிற சொல்லைக் கேட்கும்போது முழுதாக வந்துவிட்டது போலத் தோன்றும். வேலி சற்றுப் பின்னால் நகர்கிறது, அவ்வளவுதான். நகர்ந்த வேலி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்களுடையதில் அது காணிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிற்கிறது. ஆறு பரப்பில் நாலு பரப்பு வெளியே. கிணறும் அதைச் சுற்றின இரண்டு பரப்பும் உள்ளே. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணை முறை, அறுபத்தெட்டு வயது, கோணப்புலம் முகாமிலிருந்து நேராக அங்கே போய்த் தகரக் கொட்டில் போட்டார். நாயுண்ணியை வெட்டிக் கொளுத்தினார். பூவரசங்கதியால் நட்டார். தண்ணீருக்குப் பக்கத்துக் காணிக்காரருடைய கிணற்றைக் கேட்டார்கள். அந்தக் கிணறு கட்டடச் சல்லியால் அரைவாசி தூர்ந்து கிடந்தது. இவரும் அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து பதினொரு நாள் தூர் வாரினார்கள். கல், தகரம், கம்பி, ஒரு தையல் மிசின். கீழே போகப் போக ஊற்றுக்கண் தட்டுப்பட்டது.

"தம்பி, முதல் நாள் தண்ணி கலங்கல். இரண்டாம் நாள் இறைச்சுவிட்டம். மூண்டாம் நாள் வாயில வைச்சுப் பாத்தன்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். எப்படி அண்ணை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொஞ்சம் உவர்ப்பு. முந்தி இப்படி இல்லை" என்றார். கடல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் ஓடுபாதையும் சீமெந்துத் தரையும் போட்டதால் மழை இறங்கவில்லையா, பக்கத்தில் எங்கோ பெரிய மோட்டரில் இறைக்கிறார்களா, அல்லது அந்தக் கிணறு முப்பது வருடம் இறைக்காமல் கிடந்த குறையா? யாராவது அளந்தால்தான் தெரியும். மாதிரியைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மகள் எந்தெந்த இரசாயனத்துக்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தந்தாள். நைத்திரேற்று, எண்ணெய், ஈயம், அந்த நுரை. அதை நான் தமிழில் எழுதி அண்ணைக்கு அனுப்பினேன்.

அடுத்த வருடம் அவளும் வருகிறாளாம். உறுதியில் இருக்கிற எல்லைகளை நடந்து பார்க்க வேண்டும் என்கிறாள். கிழக்கே இன்னார் காணி, மேற்கே இன்னார் காணி, வடக்கே வேலி.

நேரம் தாண்டிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நேரலையில் இருக்கிறவர்கள் எழுதி அனுப்பலாம். வணக்கம்.